கீட்டோன் ஸ்ட்ரிப், காரத் தண்ணீர், வீட்டுக்கு வரும் லேப்: சென்னையில் சர்க்கரைக்காரர் எதற்குக் காசு கொடுக்கலாம்?

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டைத் தேடிச் சென்னையில் விற்பனைக்கு வரும் சரக்குகளில் நான்கை இங்கே எடைபோடுகிறோம். சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப், ரத்தக் கீட்டோன் மீட்டர், 'உடம்பிலுள்ள அமிலத்தை முறிக்கும்' என்று டெமோ காட்டி விற்கிற காரத் தண்ணீர் மெஷின், விடியற்காலையில் கதவைத் தட்டி ரத்தம் எடுத்துப் போகும் லேப் சேவை. நான்கும் தொடுவது ஒரே விஷயத்தை: உடம்பின் அமில-கார நிலை, அதை நம்பி வேலை செய்யும் நொதிகள் (என்சைம்கள்). தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். டைப் 1 நோயாளி உள்ள வீட்டிலும், பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டிலும் ரத்தக் கீட்டோன் மீட்டர் இருக்க வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப் ஒரு கைக்காவல். லேப் சேவை எந்த டெஸ்ட்டுக்கு என்று தெரிந்து கூப்பிட்டால் பிரமாதம். மெஷினுக்குக் கொடுக்கும் பணம் கூவத்தில் போட்டது.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

இன்சுலின் குறைந்தால் திசுக்களில் நொதிகளின் வேலைப் பங்கீடே தலைகீழாகிறது. கொழுப்புத் திசுவில் ஹார்மோன் சென்சிட்டிவ் லைப்பேஸை அடக்கி வைத்திருப்பது இன்சுலின்தான். பிடி தளர்ந்ததும் அந்த நொதி கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்தத்தில் மிதக்கும் டிரைகிளிசரைடைத் திசுவுக்குள் இழுக்க உதவும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸோ மந்தமாகிவிடுகிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு டிரைகிளிசரைடும் எகிறுவதற்கு இது ஒரு காரணம். கல்லீரலில் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் சோர்ந்து மலோனைல் கோஏ குறைகிறது. அது குறைந்தால், மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நிற்கும் கார்னிட்டின் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபரேஸுக்குத் தடை நீங்குகிறது. உள்ளே போகும் கொழுப்பு அமிலம் அசிட்டோஅசிட்டேட்டாகவும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாகவும் வெளியே வருகிறது. இவைதான் கீட்டோன்கள், இரண்டுமே அமிலங்கள். அதே நேரத்தில் அதே கல்லீரலில் குளுக்கோகைனேஸ் இறங்கி, குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் ஏறி, சர்க்கரை உற்பத்தியும் சேர்ந்து நடக்கிறது.

அமிலம் சேர்ந்தபின் அடுத்த சுற்று ஆரம்பம். அமில-கார நிலையின் அளவுகோல் பி.எச்.; அமிலம் கூடக் கூட எண் இறங்கும். தமனி ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் எண் சின்னதாகத் தெரியும். ஹைட்ரஜன் அயனியின் அளவு இரட்டிப்பாகியிருக்கும். நொதியின் மடிப்புகளில் உள்ள மின்னேற்றங்கள் இதற்கேற்ப மாறுவதால் சில நொதிகள் தளர்ந்துபோகின்றன. முதலில் அடிபடுவது குளுக்கோஸை எரிக்கும் பாதையின் மடைக்காரனான பாஸ்போஃப்ரக்டோகைனேஸ். இன்சுலின் ஊசி போட்டாலும் அமில நிலையில் அதன் பலன் குறைவு. சிவப்பணுவில், திசுக்களுக்கு ஆக்சிஜனை இறக்கிவைக்க உதவும் 2,3-பிபிஜி என்ற பொருளின் உற்பத்தியும் குறைகிறது. சிறுநீரகம் மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது. அங்கே குளூட்டமினேஸ் வேகம் பிடித்து, அமிலத்தைச் சுமந்து வெளியேற்ற அம்மோனியா தயாரிக்கிறது. ஆனால் அது முழு வேகத்துக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். கீட்டோன் குவிந்து ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்ற அவசர நிலை அவ்வளவு நேரம் கொடுப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அமிலம் கூடி மூச்சு வாங்குகிறவருக்கு 'அமிலம்தானே, முறித்துவிடலாம்' என்று சோடா உப்பைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே பைகார்பனேட்டைப் பொதுவாக பி.எச். 7.0-க்குக் கீழே போனால்தான் யோசிக்கிறார்கள். 2,3-பிபிஜி ஏற்கெனவே குறைந்திருக்கும்போது பி.எச்.-ஐ மட்டும் சடாரென்று ஏற்றினால், ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியமும் சரியும். அமிலத்தின் ஊற்றை அடைப்பது இன்சுலின். சோடா உப்பு அதைத் தொடுவதேயில்லை.

சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப்

மருந்துக்கடையில் 'கீட்டோ ஸ்ட்ரிப்' என்று கேட்டால் பெரும்பாலும் சர்க்கரை, கீட்டோன் என இரண்டு கட்டம் உள்ள பட்டைதான் கிடைக்கும். தெருமுனைக் கடையில் இருப்பு இருக்காது; பெரிய கடையில் சொல்லிவைத்து வாங்கலாம், அல்லது பூக்கடைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடைகளில் தேடலாம். வாங்கும்போது டப்பா சீல் உடையாமல் இருக்கிறதா, காலாவதி மாதம் என்ன என்று பாருங்கள். 'பாதி டப்பா தர்றேன் சார்' என்று பிரித்துக் கொடுத்தால் வேண்டாம்.

கீட்டோன் கட்டத்தில் இருப்பது நைட்ரோபுருசைடு என்ற ரசாயனம். அசிட்டோஅசிட்டேட் பட்டால் வெளிர் சந்தன நிறத்திலிருந்து இளஞ்சிவப்பு, ரோஜா, கடைசியில் நாவல்பழக் கறை போன்ற கருஞ்சிவப்பு வரை போகும். சாம்பிள் புதிதாக இருக்க வேண்டும். காலையில் பிடித்து வைத்ததை மத்தியானம் பார்ப்பதில் அர்த்தமில்லை. பட்டையை முக்கி உடனே எடுத்து, விளிம்பைக் கிண்ணத்தில் தட்டி உபரியை வடித்து, டப்பாவில் போட்டுள்ள விநாடி கழித்துப் படிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். கீட்டோன் கட்டத்துக்கு 15 விநாடி போட்டிருக்கும், 40 போட்டதும் உண்டு. இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்து, 'ஐயோ, கறுத்துப்போச்சு' என்று பதற வேண்டாம். நேரம் தாண்டிய நிறத்துக்கு மதிப்பில்லை. டியூப் லைட்டின் கீழேயே பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அடுத்தடுத்த நிறங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இதன் பெரிய ஓட்டை வேறு இடத்தில். நல்ல நிலையில் உடம்பில் இரண்டு கீட்டோன்களும் ஏறக்குறைய சமம். கீட்டோஅசிடோசிஸில் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் மூன்று மடங்கு, மோசமான நிலையில் பத்து மடங்கு வரைகூட அதிகமாகிவிடும். நைட்ரோபுருசைடுக்கு அதைக் காணக் கண்ணே கிடையாது. ஆகவே நோய் முற்றும் நேரத்தில் பட்டை குறைத்துச் சொல்லும். சிகிச்சை ஆரம்பித்தபின் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் திரும்ப அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், ஆள் தேறிக்கொண்டிருக்கும்போது பட்டை இன்னும் கறுக்கும். போதாக்குறைக்கு, சிறுநீர்ப்பையில் இருப்பது சில மணி நேரத்துக்கு முந்தைய கதை.

சர்க்கரைக் கட்டத்தில்தான் நொதி இருக்கிறது: குளுக்கோஸ் ஆக்சிடேஸும் பெராக்சிடேஸும். வைட்டமின் சி மாத்திரை நிறையச் சாப்பிடுபவருக்கு இது பொய்யாகக் குறைத்துக் காட்டும். கீட்டோன் கூடுதலாக இருந்தாலும் குறைந்த அளவு சர்க்கரையை இந்தக் கட்டம் தவறவிடும். ஃப்ளோசின் மாத்திரைக்காரர்களுக்கு இந்தக் கட்டம் சுத்த வீண். சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதுதான் அந்த மாத்திரையின் வேலையே, எப்போதும் அடர்த்தியாகத்தான் காட்டும். கேப்டோபிரில் என்ற பிபி மாத்திரையும், சளிக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீனும் கீட்டோன் கட்டத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டக்கூடியவை.

டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வேண்டாம். மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பாத்ரூம் அலமாரிதான் வசதி என்று அங்கே வைப்பவர்கள் அதிகம். ஸ்ட்ரிப்புக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஈரம் பட்ட பட்டை 'இல்லை' என்று சொல்வதுதான் ஆபத்து, 'இருக்கிறது' என்று சொல்வது அல்ல.

ரத்தக் கீட்டோன் மீட்டர்

ஃப்ரீஸ்டைல் ஆப்டியம் நியோ வகை மீட்டர்கள் சர்க்கரை, கீட்டோன் இரண்டையும் பார்க்கும். ஆனால் ஸ்ட்ரிப் தனித்தனி. கீட்டோன் ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் தனி ஃபாயில் உறையில் வரும். சர்க்கரைக்கு 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், கீட்டோனுக்கு 1.5 வேண்டும். சர்க்கரைக்குக் குத்துவது போல் லேசாகக் குத்தினால் துளி பற்றாமல் ஸ்ட்ரிப் வீணாகும், அதன் விலைக்கு வயிறு எரியும். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, லான்செட்டின் ஆழத்தை ஒரு படி கூட்டி, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். துளி உருண்டு நின்றபின் ஸ்ட்ரிப் நுனியைத் தொடவிடுங்கள். 10 விநாடியில் எண் வரும்.

அந்தப் பத்து விநாடியில் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இந்தச் சரக்கின் அருமை புரியும். ஸ்ட்ரிப்பில் உலர்த்தி வைத்திருப்பது ஹைட்ராக்சிபியூட்டிரேட் டிஹைட்ரஜனேஸ். நம் மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டு கீட்டோன்களையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் நொதியின் இனம். அது பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி என்ஏடி என்ற துணைப்பொருளிடம் கொடுக்க, அது மின்னோட்டமாகி எண்ணாகிறது. சிறுநீர்ப் பட்டை தவறவிடும் அதே கீட்டோனைத்தான் இது அளக்கிறது.

0.6 மில்லிமோலுக்குக் கீழே நிம்மதி. 0.6 முதல் 1.5 வரை: தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் டாக்டருக்குப் போன். 3.0 வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் எண் 3 ஆகும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. மாவுச்சத்தைக் குறைத்த பேலியோ உணவில் இருப்பவர் ஒருவருக்கு, இன்சுலின் ஒழுங்காகச் சுரக்கும் உடம்பானால், 1 அல்லது 2 காட்டுவது சாதாரணம், பி.எச். அசையாது. அதே பேலியோவை டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையோடு செய்தால் கதை வேறு.

அந்த மாத்திரை விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் என்ற இந்த வகைக்குக் கீட்டோஅசிடோசிஸ் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015 மே மாதம் வெளியிட்டது. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020 அக்டோபரிலும், எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்து, விலை இறங்கி, இன்று தெருவுக்குத் தெரு மருந்துச்சீட்டில் இருக்கிறது. நல்ல மருந்துதான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் செய்யும் நன்மை நிரூபணமானது. சிக்கல் என்னவென்றால், இதில் வரும் கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 200-க்கும் கீழேகூட இருக்கலாம். குளுக்கோமீட்டர் 170 காட்டும், வீட்டில் 'சுகர் நார்மல்தானே' என்பார்கள், உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு, வயிற்றுப்போக்கு, திடீரென இன்சுலினைக் குறைப்பது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினி எல்லாம் இதைத் தூண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது இதனால்தான். எர்டுகிளிஃப்ளோசினுக்கு 4 நாள். விரதத்துக்கும் டாக்டரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

குறை? ஒன்று விலை. ஒரு கீட்டோன் ஸ்ட்ரிப்பின் விலையில் பல சர்க்கரை ஸ்ட்ரிப் வாங்கலாம். தினமும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் ஒரு பெட்டி நீண்ட நாள் வரும். அதற்குள் காலாவதி ஆகிவிடுவதுதான் எரிச்சல். குறுகிய காலாவதியுள்ள பெட்டியைத் தள்ளுபடி என்று தலையில் கட்டினால் வாங்காதீர்கள். இன்னொன்று சூடு. ஸ்ட்ரிப் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று உறையில் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் மாடி வீட்டு ஹாலே அதைத் தாண்டும். ஸ்கூட்டர் டிக்கிக்குள் கேட்கவே வேண்டாம். சூடு முதலில் நொதியை வேகமாக்கும், பிறகு அதன் மடிப்பையே அவிழ்த்துவிடும். அவிழ்ந்தது ஆறினாலும் பழையபடி மடங்காது. ஆகவே வீட்டில் வெயில் படாத அறையில், பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். கரண்ட் போனால் இன்சுலினை ஈர மண்பானையில் வைக்கும் உபாயம் நல்லது; ஸ்ட்ரிப்பை அங்கே கொண்டு போகாதீர்கள், ஈரம் அதற்கு ஆகாது. ஆன்லைனில் வாங்கினால், வந்தவுடன், கீட்டோன் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவமான கன்ட்ரோல் சொல்யூஷன் விட்டு ஒரு ஸ்ட்ரிப்பைச் சோதியுங்கள். ஒன்று செலவானாலும் மற்றவற்றை நம்பலாம்.

சர்க்கரை ஸ்ட்ரிப்பைப் பற்றியும் ஒரு வரி. ரத்தசோகை உள்ளவருக்குப் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். உடம்பு வற்றி, கைகால் சில்லிட்டிருக்கும் நிலையில் விரல் நுனி எண்ணை நம்பக் கூடாது. கையில் ஊசி குத்தி எடுக்கும் சிரை ரத்தம்தான் பார்க்க வேண்டும். வயிற்று டயாலிசிஸ் செய்பவர் என்றால், குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் பிக்யூக்யூ வகை ஸ்ட்ரிப் வேண்டவே வேண்டாம். டயாலிசிஸ் திரவத்திலுள்ள ஐகோடெக்ஸ்ட்ரினிலிருந்து வரும் மால்ட்டோஸையும் சர்க்கரை என்று எண்ணிக் கூட்டிச் சொல்லும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆள் மயங்கி விழுவார்.

காரத் தண்ணீர் மெஷின்

டெமோ எல்லா அடுக்குமாடிகளிலும் ஒரே மாதிரிதான். கேன் தண்ணீரில் பி.எச்.-க்கேற்ப நிறம் மாறும் சாயம் ஒரு சொட்டு விட்டு மஞ்சளாக்குவார்கள், மெஷின் தண்ணீரில் விட்டு ஊதாவாக்குவார்கள். 'அமில உடம்பில்தான் சுகர் வரும்' என்று ஒரு வரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.எச். 9.5 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் ஹைட்ராக்சைடு சுமார் 0.03 மில்லிமோல். இரைப்பை அமிலம் ஒரு மில்லி பட்டால் போதும், அந்த லிட்டரின் காரம் தீர்ந்தது. 500 மி.கி. சோடியம் பைகார்பனேட் மாத்திரை ஒன்றில் உள்ள காரத்துக்கு ஈடாக வேண்டுமானால், இந்தத் தண்ணீரைக் கிட்டத்தட்ட 190 லிட்டர் குடிக்க வேண்டும்; 20 லிட்டர் கேன் ஒன்பதரை. 60 கிலோ ஆள் ஒருவரின் உடம்பு தினமும் உண்டாக்கும், மூச்சில் வெளியேறாத அமிலமோ சுமார் 60 மில்லிமோல். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். நிமிடத்துக்கு நிமிடம் பி.எச்.-ஐச் சரிசெய்வது நுரையீரல்.

இரைப்பையின் அமிலம் குறைபாடு அல்ல என்பதையும் இந்த விற்பனையாளர்கள் சொல்வதில்லை. பெப்சின் என்ற நொதிக்கு பி.எச். 2-ஐ ஒட்டித்தான் வேகம். அதைத் தாண்டிக் குடலுக்குள் வந்ததும் கணையம் பைகார்பனேட்டைக் கொட்டி, டிரிப்சினுக்கு வேண்டிய 8-ஐ ஒட்டிய நிலையை உண்டாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பி.எச்.; மொத்த உடம்புக்கும் ஒரே எண் என்பதே தப்பு. மெஷினோடு இலவசமாகத் தரும் சிறுநீர் பி.எச். தாளும் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சிறுநீர் 4.5 முதல் 8 வரை சாப்பாட்டுக்கேற்ப ஆடும். ரத்தம் அசையாமல் இருப்பதற்காகத்தான் அது ஆடுகிறது. சிறுநீரகம் பழுதாகி, ரத்தப் பைகார்பனேட் நிஜமாகவே குறைந்தவர்களுக்கு மருத்துவர் கொடுப்பது மாத்திரை. அது சல்லிசு.

வீட்டுக்கு வரும் லேப்

இங்கேதான் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. ஆப்பில் பதிவு, காலை 6 மணிக்கு ஆள், மாலைக்குள் போனில் ரிப்போர்ட். வயதானவர்களை லேப் வாசலில் வெறும் வயிற்றோடு உட்காரவைக்காமல் காப்பாற்றுகிறது இந்தச் சேவை. ஊசி குத்தும் கைகளும் பெரும்பாலும் தேர்ந்தவை. பிரச்சினை ஊசி வெளியே வந்தபின் ஆரம்பிக்கிறது.

டியூபுக்குள் போன ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் ஹெக்சோகைனேஸை வைத்துக்கொண்டு குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறைச் சூட்டில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம். சென்னை வெயிலில் அதற்கும் மேல். சோழிங்கநல்லூரில் எடுக்கும்போது 126 இருந்தது, இன்னும் நாலு வீடு ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து லேபில் 111 ஆகியிருக்கலாம். முன்னது சர்க்கரை நோய், பின்னது அதன் முந்தைய நிலை. இதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி டியூப், உள்ளே ஃப்ளோரைடு. ஆனால் ஃப்ளோரைடு பிடிப்பது ஈனோலேஸ் என்ற நொதியை, அது குளுக்கோஸ் எரியும் பாதையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. வாய்க்காலின் கடைக்கோடியை அடைத்தாலும் அது நிரம்பும்வரை மேலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பது போல, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குளுக்கோஸ் குறைந்துகொண்டேதான் இருக்கும். சிட்ரேட் கலந்த டியூப் ரத்தத்தை அமிலமாக்கி, முதல் படியான ஹெக்சோகைனேஸையே உடனே நிறுத்திவிடும். திசுக்களில் அமிலம் செய்யும் கெடுதலை இங்கே வேண்டுமென்றே உபயோகித்துக்கொள்கிறார்கள். சிறந்தது அதுதான்; 'சிட்ரேட் குளுக்கோஸ் டியூப் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சாம்பல் மூடிதான் நீட்டுவார்கள். அப்படியானால் எவ்வளவு நேரத்தில் டியூபைச் சுழற்றி ரத்த அணுக்களைப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். உங்கள் பேட்டையிலேயே சென்டர் உள்ள லேபுக்கு இதில் நிச்சயம் முதலிடம். விளம்பரத்தில் பெரிய பெயர் இருப்பதைவிட இது முக்கியம்.

பை திறக்கும்போதே பார்க்கலாம். ஐஸ் பேக் உறைந்திருக்கிறதா, இல்லை பெயருக்கு ஒரு வெதுவெதுப்பான நீலப் பையா? டியூப்கள் நிற்க ஸ்டாண்டு இருக்கிறதா, புரண்டு கிடக்கின்றனவா? சாம்பல், ஊதா மூடி டியூப்களை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடையும். உடைந்தால் பொட்டாசியமும், எல்டிஎச், எஸ்ஜிஓடி என்ற நொதிகளும் பொய்யாக ஏறும். கையைக் கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, 'கையை மூடித் திறங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. பொட்டாசியம் அதிலேயே கூடும். இன்னொன்று, கண்ணெதிரே நடந்தால் உடனே தடுங்கள்: ஊதா மூடியில் அதிகமாக வந்ததை மஞ்சள் மூடி டியூபில் ஊற்றுவது. ஊதாவில் இருப்பது பொட்டாசியம் இடிடிஏ. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் வானத்தைத் தொடும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும், துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் நம்பியிருக்கும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் படுத்துவிடும்.

எல்லாவற்றையும் ஐஸில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் என்ற நொதிதான் பொட்டாசியத்தை அணுவுக்குள் பிடித்து வைக்கிறது. அணுக்களைப் பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் அது நின்றுவிட்டு, பொட்டாசியம் வெளியே கசியும். குளுக்கோஸுக்குக் குளிர் நல்லது, பொட்டாசியத்துக்குக் கெடுதல். சோடியம், பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோலைட் டெஸ்ட்டை வீட்டில் கொடுக்காமல் சென்டருக்கே போய்க் கொடுங்கள்.

பைகார்பனேட்டுக்கும் அதே அறிவுரை. டியூப் பாதி நிரம்பியிருந்தாலோ மூடி திறந்து கிடந்தாலோ கார்பன் டை ஆக்சைடு பறந்து எண் குறையும். இல்லாத அமில நிலை ரிப்போர்ட்டில் முளைக்கும். சரியாக எடுத்தது என்றால், சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்து 'அனயான் கேப்' என்ற இடைவெளியை நீங்களே பார்க்கலாம். 136-லிருந்து 100-ஐயும் 14-ஐயும் கழித்தால் 22. வழக்கம் 8 முதல் 12. இவ்வளவு கூடினால் கீட்டோனோ லாக்டேட்டோ ஒளிந்திருக்கலாம் என்று பொருள்.

ரிப்போர்ட்டிலுள்ள நொதி எண்களைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எஸ்ஜிபிடி, அமிலேஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எல்லாவற்றையும் லேப் 37 டிகிரியில், அந்த நொதிக்குப் பிடித்த பி.எச்.-இல் வைத்துத்தான் அளக்கிறது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு அது 10-க்கும் மேல். எனவே அந்த எண், நொதி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும், 7.1-இல் தவிக்கும் திசுவுக்குள் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்லாது. கீட்டோஅசிடோசிஸில் கணைய அழற்சி இல்லாமலே அமிலேஸும் லைப்பேஸும் ஏறுவது உண்டு. 'கணையம் போச்சு' என்று கூகுள் செய்து பயப்பட வேண்டாம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட்டை, நொதி இல்லாமல் நிறமாற்றத்தை வைத்து அளக்கும் ஜாஃபே முறையில் பார்க்கும் லேபில், அசிட்டோஅசிட்டேட்டையும் கிரியாட்டினின் என்று சேர்த்து எண்ணிவிடும். நொதி முறையில் பார்த்தால் அந்தத் தொல்லை குறைவு. பில் போடும்போதே 'என்சைமாட்டிக் கிரியாட்டினினா?' என்று கேட்டால் பதில் வரும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி-க்கு இந்த அவஸ்தைகள் கிடையாது. ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டுவதற்கு நொதி தேவையில்லை. ஊதா மூடி டியூபில் குளிரில் சில நாள்கூடத் தாங்கும். வீட்டுச் சேவைக்கு இதைவிடப் பொருத்தமான டெஸ்ட் இல்லை. கொழுப்பு, தைராய்டும் அப்படியே. சாப்பிட்டபின் பார்க்கும் சர்க்கரைக்கு ஆள் சொன்ன நேரத்துக்கு வருவாரா என்பதே சந்தேகம். முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் என்பது கணக்கு, போக்குவரத்து நெரிசலுக்கு அது தெரியாது.

ஏபிஜி எனும் ரத்த வாயு டெஸ்ட்டையும் வீட்டிலேயே எடுப்போம் என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஹெப்பாரின் சிரிஞ்சில், காற்றுக்குமிழி இல்லாமல், அரை மணிக்குள் மெஷினில் ஏற்ற வேண்டிய ரத்தம் அது. தாமதித்தால் அணுக்களே லாக்டிக் அமிலம் செய்து பி.எச்.-ஐ இறக்கிவிடும். அது தேவைப்படும் நிலையில் இருப்பவர் வீட்டில் இருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ரத்த வாயு மெஷின் 24 மணி நேரமும் ஓடும் ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கேஷுவாலிட்டியில் முதல் வரியாக மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்: 'டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடறாங்க, கடைசியா நேத்து காலைல, வீட்ல கீட்டோன் 3.4, பார்த்தது எட்டு மணிக்கு.' சர்க்கரை 170 என்று மட்டும் சொன்னால் வாந்திக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். தமனியில் குத்தத் தயங்கினால் சிரை ரத்தத்திலேயே பி.எச். பார்க்கலாம், சுமார் 0.03 குறைவாக இருக்கும், முடிவெடுக்க அது போதும். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது 'இன்னும் இன்சுலின் போடலையே சிஸ்டர்' என்று சண்டைக்குப் போகாதீர்கள். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைத்தான் ஏற்றுவார்கள். இன்சுலின் முந்தினால் இருக்கிற பொட்டாசியமும் அணுவுக்குள் போய், இதயம் தடுமாறும்.